வானத்து இரைச்சலும் வயர் இரைச்சலும்

திருநெல்வேலிக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். நேர்கோட்டில் அளந்தால் சென்னை சுமார் 550 கிலோமீட்டர். கொழும்பு 300-ஐச் சற்றே தாண்டும். அந்த 300-லும் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவின் உப்புத் தண்ணீர். மத்திய அலை ஒலிபரப்பு தரையைத் தடவிக்கொண்டே வருவது. காய்ந்த மண்ணும் பாறையும் வழியிலேயே அதன் பலத்தை உறிஞ்சிவிடும். கடல் நீர் அதிகம் உறிஞ்சாமல் கடத்திவிடும். தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு தலைமுறை முழுக்க இலங்கை வானொலி கேட்டு வளர்ந்ததற்கு அதன் அறிவிப்பாளர்களான மயில்வாகனனின் குரலும், கே.எஸ். ராஜாவின் வேகமும், அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் காரணம் என்பார்கள். உண்மைதான். அந்த உப்புத் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தக் குரல்கள் ஒருநாளும் தனியாக வந்து சேர்ந்ததில்லை. கூடவே இரைச்சலும் வந்தது. பாட்டுக் கேட்கும் பெட்டியில் நாம் கேட்க விரும்பாமலே கேட்ட ஓசைகள் அன்று எங்கிருந்து வந்தன, இன்று எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், இந்தப் பள்ளத்தாக்கின் மின்சார வரலாறே அதற்குள் இருக்கிறது. அன்று இரைச்சலில் பெரும்பகுதி வானத்திலிருந்து வந்தது; நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. இன்று அது நம் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நாம் நினைத்தால் நிறுத்தலாம். ஆனால் அன்று அதைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இன்று பெட்டியையே மாற்றிவிடுகிறோம்.

வால்வு ரேடியோ காலத்தில், ஒரு வீட்டுக்கு மர்பியோ பிலிப்ஸோ புஷ்ஷோ வரப்போகிறது என்றால் பெட்டிக்கு முன்னால் ஏரியல் வந்துவிடும். முற்றத்துக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் பீங்கான் உருண்டை கோத்து, செம்புக் கம்பி வலைப்பட்டையை இழுத்துக் கட்டுவார்கள். அதிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாகப் பெட்டியின் முதுகுக்கு இறங்கும். இன்னொரு வயர் பெட்டியின் எர்த் துளையிலிருந்து வெளியே போய் மண்ணுக்குள் இறங்கும். எங்கே இறங்கவேண்டும் என்பதில் பெரியவர்கள் கவனமாக இருந்தார்கள். கிணற்றடியில் துவைகல் பக்கம், எந்நேரமும் சோப்புத் தண்ணீர் ஓடி ஈரம் காயாத இடம்தான் அதற்குத் தோது. அங்கே ஓர் இரும்புக் குழாயை அடித்து, சுற்றிலும் உப்பும் கரியும் போட்டு மூடுவார்கள். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்டி வைத்திருந்த பெட்டி அது. 1980களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது.

அந்தப் பெட்டியில் கேட்ட இரைச்சல்களுக்குப் பருவம் இருந்தது. சித்திரை, வைகாசி சாயங்காலங்களில் மேற்கு மலைக்கு மேலே மேகம் கூடினால், ஊரில் ஒரு துளி விழுவதற்கு முன்பே பெட்டி ‘கடகட’வென்று சொல்லிவிடும். ஒவ்வொரு மின்னலும் ஒரு ஒலிபரப்புதான். எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் வரும் ஒலிபரப்பு. ஐப்பசியில் வடகிழக்கு மழை தொடங்கினால் சிற்றலை வரிசை முழுக்கக் கரகரப்புதான். பொழுது சாய்ந்தபின் வேறொரு தொல்லை. பகலில் மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருக்கும் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு ஒன்று இரவில் கலைந்துவிடுவதால், தூர தேசத்து நிலையங்களெல்லாம் வானில் பட்டுத் திரும்பி வந்து சேரும். இரண்டு நிலையங்கள் அருகருகே மோதினால் இடையில் ஒரு விசில் கேட்கும். குமிழை மயிரிழை திருப்பி அந்த விசிலைத் தாண்டுவது ஒரு கைத்திறமை. வீட்டில் ஒருவருக்குத்தான் அது வாய்க்கும். அவரைத் தவிர யாரும் குமிழைத் தொடக் கூடாது.

மனிதர்கள் உண்டாக்கிய இரைச்சலும் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் ஒரு ‘டப்’. எதிர்வீட்டு பியூஸ் கட்டை லூசாக இருந்தால் விட்டு விட்டு ஒரு பொரியல் சத்தம். பின்னாளில் மிக்சி வந்தபோது, அதன் கார்பன் பிரஷ் தீப்பொறி சட்னி அரைத்து முடியும்வரை பாட்டை மூழ்கடித்தது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிய பெண்களுக்கு நாள் முழுக்க ரேடியோதான் துணை. எந்தச் சத்தம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதை அவர்கள் கை நிற்காமலே சொல்லிவிடுவார்கள். ‘அங்க லைட்டு மினுக்குது போல, சோக்கு போயிட்டு’ என்பார்கள். டியூப்லைட்டின் ஸ்டார்ட்டர் துடிக்கும் துடிப்பு பெட்டியில் தாளம் போலக் கேட்கும்.

இவையெல்லாம் ஏரியல் வழியாக உள்ளே வந்த விருந்தாளிகள். இன்னொன்று மின்சாரத்தின் வழியாகவே வந்தது.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் பைக்காராவும் மேட்டூரும் அதற்கு மூத்தவை. பாபநாசத்து அருவித் தண்ணீர் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விக்கிரமசிங்கபுரத்து ஹார்வி மில்லின் எந்திரங்களைச் சுழற்றியிருக்கிறது. இப்போது அதே தண்ணீர் வயரில் ஏறி வீடுகளுக்குள் வந்தது. கரண்டு வராத ஊர்களில் பேட்டரி ரேடியோதான். 90 வோல்ட் கட்டை பேட்டரி விலை அதிகம். ஆனால் அந்த ரேடியோவில் ஒரு நன்மை, நிலையம் இல்லாத இடத்தில் வைத்தால் ஆழ்ந்த அமைதி. கரண்டு ரேடியோவில் அது கிடையாது. அடியில் எப்போதும் ஒரு ‘உம்ம்ம்’ இருந்துகொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் அதற்கு ‘ஹம் அடிக்குது’ என்று சொன்னார்கள். இன்றும் அதே சொல்தான்.

அந்த உம்முக்குக் காரணம் எளிது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறிப் பாய்வது. பெட்டிக்குள் இருக்கும் ரெக்டிஃபயர் அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது நொடிக்கு 100 மேடுபள்ளங்கள் மிஞ்சும். அவற்றைச் சமப்படுத்துவது பில்டர் கண்டன்சரின் வேலை. வால்வுகளின் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் அதற்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோகும். அப்போது 100 மேடுகளும் நேராக ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும்.

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் அன்று இருந்த சின்னச் சின்ன ரேடியோ ரிப்பேர் கடைகளில் இதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மீட்டரை எடுப்பதற்கு முன் மெக்கானிக் வால்யூம் குமிழைச் சுத்தமாகக் குறைப்பார். பாட்டு நின்றபின்னும் உம் சத்தம் அப்படியே நின்றால், கோளாறு குமிழுக்குப் பின்னால் இருக்கிறது. பவர் சப்ளை பக்கம். குமிழோடு சேர்ந்து உம்மும் குறைந்தால், கோளாறு குமிழுக்கு முன்னால்; உள்ளே வரும் வயரிலோ முதல் வால்விலோ. பாதி வேலை இதிலேயே முடிந்தது. பிறகு கையில் ஒரு நல்ல கண்டன்சரை எடுத்து, பழையதன் இரண்டு கால்களின் மேல் அப்படியே வைத்துப் பிடிப்பார். உம் சத்தம் சட்டென்று அடங்கும். ‘அண்ணாச்சி, கண்டன்சர் காஞ்சிட்டு. நாளைக்கு வாங்க.’ பெட்டியைத் திறந்துவைத்து, இருப்பதில் ஒன்றைச் சேர்த்தோ நீக்கியோ காதால் தீர்ப்புச் சொல்வதுதான் அந்தத் தொழிலின் உயிர். அதற்கு அப்புறம் வந்த எந்தக் கருவியும் இந்த முறையை வெல்லவில்லை என்றே சொல்வேன்.

அந்த உம் சத்தத்துக்குச் சுருதியும் உண்டு. நொடிக்கு 100 அதிர்வு என்பது கர்நாடக சங்கீதக் கணக்கில் கீழ் ஸ்தாயி ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக்குக் கீழே. பாடகிகள் பலர் சுருதி வைத்துக்கொள்வது அந்த வட்டாரத்தில்தான். ஆகவே ஹம் அடிக்கும் பெட்டியில் மற்றவர்களுக்குத் தொல்லையாகத் தெரியாதது சங்கீதம் தெரிந்தவருக்குப் பெரும் தொல்லை. தம்புரா ஓர் இடத்தில் நிற்க, அதை உரசினாற்போல இன்னொரு சுருதி சேராமல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் சின்னதாக இருந்தாலும் அபஸ்வரம் அபஸ்வரம்தானே.

அந்தச் சுருதியும் நிலையாக இருந்ததில்லை. 1990களில் தென் மாநிலங்களின் மின்தொகுப்பு தேவையைத் தாங்க முடியாமல் திணறியபோது, 50 இருக்கவேண்டிய அதிர்வு 49-க்கும் கீழே போய், சில நேரம் 48-ஐ ஒட்டி நின்றது. அப்போதெல்லாம் வீட்டு ஹம் ஐந்து கட்டைக்கும் கீழே இறங்கிவிட்டிருக்கும். அதிர்வைப் பொறுத்து விலை வைக்கும் முறை தென்மண்டலத்துக்கு 2003 தொடக்கத்தில் வந்தது. 2013-இன் கடைசி நாளில் தென்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்தது. இப்போது அதிர்வு 50-ஐ விட்டு அதிகம் விலகுவதில்லை. இன்று நம் வீட்டில் ஒரு பெட்டி உம் கொட்டினால், காஷ்மீரத்து வீட்டுப் பெட்டியும் அதே சுருதியில்தான் கொட்டும்.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் வந்தது. அதன் 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை பக்கத்திலிருந்தே வந்ததால், வானத்து இரைச்சல் அதன் முன்னால் அடங்கிப்போனது. கொழும்புக்கும் திருச்சிக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த ஊர், இரைச்சல் இல்லாமல் தன் பேச்சுவழக்கையே பெட்டியில் கேட்டது. பின்னால் கோடை பண்பலையும், தனியார் பண்பலையின் முதல் சுற்றிலேயே நெல்லைக்குக் கிடைத்த நிலையமும் வந்தபோது, மின்னல் கடகடப்பு என்ற ஒன்றே இளையவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. மின்னலும் மிக்சியும் அலையின் உயரத்தைத்தான் குலைக்கும். பண்பலையில் செய்தி இருப்பது அதிர்வின் ஏற்ற இறக்கத்தில். உயரத்தில் வரும் குலைவைப் பெட்டியே வெட்டி எறிந்துவிடும். வானம் அத்தோடு கதையிலிருந்து வெளியேறியது.

இனி வருவதெல்லாம் நாமே வீட்டுக்குள் கொண்டுவந்தவை.

முதலில் கேசட். அதன் ‘ஸ்ஸ்ஸ்’ நாடாவின் குணம். ஹெட்டில் சேர்ந்த துரும்பை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பக்கத்துச் சின்னத் திருகை அரைத் திருப்பு திருப்பி மங்கலைத் தெளிவாக்குவது வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்த வேலை. அதைவிட முக்கியமானது அசெம்பிள் செட். 1980, 90களில் தமிழ்நாடெங்கும் நடந்ததுபோல நெல்லையிலும் கம்பெனி பெட்டி வாங்க முடியாதவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லி ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டார்கள். ஒரு டிரான்ஸ்பார்மர், எஸ்டிகே 4141 போன்ற ஐசி வைத்த போர்டு, இரண்டு பெரிய கண்டன்சர், ஒரு தகரப் பெட்டி, மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கர். கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுகிறவரிடம் பழகியவர் கட்டிய செட் என்றால் சத்தத்துக்குக் குறைவிருக்காது. அந்தச் செட்டுகள்தான் ஊருக்கு எர்த்தின் அருமையைக் கற்றுக்கொடுத்தன என்பது என் எண்ணம். ஒரே போர்டு, ஒரே பாகங்கள். ஒருவர் கட்டினால் உம், இன்னொருவர் கட்டினால் நிசப்தம். வித்தியாசம் எங்கே? நல்ல மெக்கானிக் எல்லாக் கிரவுண்டு வயரையும் பெரிய கண்டன்சரின் காலடியில் ஒரே புள்ளியில் கொண்டுவந்து கூட்டுவார். டிரான்ஸ்பார்மரை முன்பக்கப் போர்டிலிருந்து தள்ளி, வாகான கோணத்துக்குத் திருப்பி வைத்துப் பார்த்துத்தான் முடுக்குவார். உள்ளே வரும் பாட்டு வயருக்கு ஷீல்டு வயரே போடுவார். அந்த ஷீல்டை ஒரு முனையில் மட்டும் சேசிஸில் பற்றவைப்பார். அரைகுறையாகக் கற்றவர் தகரப் பெட்டியில் கை போன இடத்திலெல்லாம் கிரவுண்டைத் தொடுவார். அங்கே தொடங்குகிறது கிரவுண்டு வளையம்.

இதற்கிடையில் வந்து போன இரண்டு ஓசைகளைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒன்று, 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீடுகளுக்குள் நுழைந்த சதுர அலை இன்வெர்ட்டர். வளைவாக ஏறி இறங்கவேண்டிய மின்சாரத்தை அது படிக்கட்டாக வெட்டித் தரும். அந்தக் கூர்முனைகளிலிருந்து 150, 250, 350 என்று மேல் அதிர்வுகள் கிளம்பும். மின்விசிறி உறுமும், ஆம்ப்ளிஃபயர் தேனீக் கூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் தப்பினார்கள். இன்னொன்று, பழைய ஜிஎஸ்எம் கைபேசி. அழைப்பு மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கர் ‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று முன்னறிவிப்புச் செய்யும். கைபேசி நொடிக்கு 217 முறை விட்டு விட்டுப் பேசியதன் எதிரொலி அது. 4ஜி வந்தபின் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

மறையாமல் நிலைத்துவிட்டது வளையம்தான். அதைக் கண்ணால் பார்த்தால் புரியும்.

கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. கச்சேரி கேட்பதற்கென்றே நல்ல ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வைத்திருக்கிறார். நாதஸ்வரம் உரக்க இருக்கும்வரை தெரியாது. ஆலாபனை தணியும் இடத்தில் அடியில் ‘உம்ம்’. கடைக்காரர்கள் பெட்டியை மாற்றிக் கொடுத்தார்கள். புதுப் பெட்டியிலும் உம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த இளைஞர், பெட்டியின் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் செருகியிருந்த வயர்களை எல்லாம் உருவினார். அமைதி. சிடி பிளேயரைச் செருகினார். அமைதி. டிவியிலிருந்து வரும் வயரைச் செருகினார். உம்.

‘சார், அந்த டிஷ் ஒயரைக் கொஞ்சம் உருவுங்க.’

ஆசிரியர் செட்டாப் பாக்ஸின் பின்னால் கைவிட்டு, திருகை நீக்கி வயரை உருவினார். ஸ்பீக்கர் வாயடைத்தது.

‘இப்பம் கேளுங்க. சத்தம் போயிட்டுல்லா?’

பிறகு மீட்டரின் ஒரு முள்ளை ஆம்ப்ளிஃபயரின் உடம்பிலும் மற்றதை டிஷ் வயரின் வெளி உறையிலும் வைத்துக் காட்டினார். இரண்டுக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம். மாடியில் டிஷ்ஷின் இரும்புக் கால் கைப்பிடிச் சுவரில் அடித்திருக்கிறது. அது கான்கிரீட் கம்பியோடு தொட்டுக்கொண்டு தனக்கென்று ஒரு எர்த் வைத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயரோ மூன்று முள் பிளக் வழியாக வாசல் பக்கத்து எர்த்தைப் பிடித்திருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் மட்டம் ஒன்றாக இல்லை. மட்டம் வேறுபட்ட இரண்டு குளத்தை ஒரு மடை இணைத்தால் தண்ணீர் ஓடாமல் இருக்குமா? இங்கே மடை, டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மெல்லிய பாட்டு வயரின் ஷீல்டு. அதில் ஓடுகிற 50 அதிர்வு மின்சாரத்தையும் ஆம்ப்ளிஃபயர் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. தெருவில் வரும் கேபிள் டிவி வயர் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும். அதன் உறை பல வீடுகளைத் தொட்டுவிட்டு வருகிறது. அதைத் தொட்டால் விரல் சுறுசுறுப்பதும் இதனால்தான்.

தீர்வுக்கு அந்த இளைஞர் எடுத்தது ஓர் ஆப்டிகல் வயர். டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு ஒளியாகப் போகும்; ஒளியில் கரண்டு ஓடாது; வளையம் அறுந்தது. ஆப்டிகல் துளை இல்லாத பெட்டி என்றால் இரண்டு வயருக்கும் இடையில் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். சில நூறு ரூபாய்தான். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து எடுத்தாலே பல வீடுகளில் பாதி உம் போய்விடும். புளூடூத்தில் உம் இல்லை என்று பலர் வியக்கிறார்களே, அதற்கும் காரணம் இதுதான்: இடையில் வயரே இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாகவேண்டும். உம் போகவேண்டும் என்பதற்காகப் பிளக்கின் மூன்றாவது முள்ளை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் போகும், வளையம் அறுந்துவிட்டதல்லவா? ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரிந்து உலோக உடம்பைத் தொட்டால், அந்தக் கரண்டு மண்ணுக்குப் போக ஒரே வழி தொட்டவரின் உடம்புதான். இதைவிடக் கொடியது, எர்த் இல்லாத சாக்கெட்டில் எர்த் துளையை நியூட்ரலோடு முறுக்கிவிடுவது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த வீட்டில் தகர உடம்புள்ள எல்லாமே கரண்டாகிவிடும். இரைச்சல் தீர்ந்துவிட்டது என்று சொல்லி இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டுப் போகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய மாற்றம் எதுவென்று கேட்டால், நான் பெட்டியைச் சொல்லமாட்டேன். மண்ணுக்குள் இருப்பதைச் சொல்வேன். அன்று வீட்டுக் குழாய்கள் ஜிஐ இரும்பு. பல வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓடியதால் அது பிடித்துக்கொண்டது. பிறகு துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் பிவிசி போட்டார்கள். எர்த் வயர் பழைய இரும்புத் துண்டில் அப்படியே சுற்றியிருக்கிறது, அதற்கப்பால் பிளாஸ்டிக். வீட்டின் எர்த் அன்றைக்கே செத்துவிட்டது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் விளக்கும் விசிறியும் எர்த் இல்லாமலே ஓடும். எர்த் இல்லை என்பதை முதலில் சொல்வது பெரும்பாலும் ஸ்பீக்கர்தான். ஆகவே அதன் உம்மை ஒரு புகாராக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது நல்லது.

மண்ணும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் போன்ற ஆற்றங்கரை வயற்காட்டு மண் ஈரத்தை விடாது. ஒரு குழாயை இறக்கினால் எர்த் நன்றாகப் பிடிக்கும். தெற்கே திசையன்விளைப் பக்கம் தேரி மணல் அப்படியல்ல. சிவந்து பொலபொலவென்று காய்ந்து கிடக்கும் அந்த மணலில் அதே குழாய் பெயருக்குத்தான் எர்த். அங்கே ஆழமாகப் போகவேண்டும், ஒன்றுக்கு இரண்டாகக் குழி வேண்டும், கோடையில் தண்ணீர் ஊற்றவேண்டும். ஆற்றங்கரையிலும் நிம்மதி நிரந்தரமில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் வெள்ளம் வந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதே, அப்போது நனைந்த வீடுகளில் காயவைத்துப் பிழைத்த பெட்டிகள் பிறகு கரகரக்கத் தொடங்கின. சாக்கெட்டின் பித்தளையில் பச்சை ஏறியிருக்கும். செருகும் முள்ளில் உப்புப் படலம். அதற்கு மருந்து புதுப் பெட்டி இல்லை. முள்ளைத் துடைத்து, வயர் முனையைப் புதிதாக உரித்து முடுக்கி, எர்த் குழியின் போல்ட்டைத் திறந்து பார்ப்பதுதான்.

இன்றைய வீட்டில் உம்மையும் தாண்டி ஒரு புதுக் கூட்டம் இருக்கிறது. எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர், லேப்டாப் அடாப்டர், பிஎல்டிசி விசிறி, மாடியில் சோலார் இன்வெர்ட்டர். இவை ஒவ்வொன்றும் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் துண்டாக நறுக்கி நறுக்கித்தான் வேலை செய்கின்றன. பில்டர் சரியாகப் போட்ட பொருள் என்றால் அந்த நறுக்கல் வெளியே வராது. காசு மிச்சம் பிடிக்கப் பில்டரைக் கைவிட்ட பொருள் என்றால் வயர் வழியாகவும் காற்று வழியாகவும் கசியும். மத்திய அலைதான் அதற்கு முதல் பலி. மின்னலையும் தாண்டி நின்ற 1197, பத்து ரூபாய் பாகத்தை விட்டுவிட்ட ஒரு பல்புக்கு முன்னால் நிற்க முடியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நெல்லையின் பேச்சை ஒலிபரப்பிய அலை அது. செயலியில் கேட்கலாம் என்பார்கள், கேட்கலாம்தான். பல்பும் சார்ஜரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்தைப் பிடிக்க அன்றைய பெட்டியே போதும். மத்திய அலை உள்ள பழைய டிரான்சிஸ்டர் ஒன்றில் புது பேட்டரி போட்டு, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டின் மெயினை அணையுங்கள். மிஞ்சுவது வெளியிலிருந்து வருவது. அது உங்கள் பொறுப்பில்லை. பிறகு சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் டிரான்சிஸ்டர் கத்துகிறதோ அதன் அருகே கொண்டுபோங்கள். டிரான்சிஸ்டருக்குள் கிடைமட்டமாக ஒரு கறுப்பு ஃபெரைட் குச்சி உண்டு; அதன் நுனி இரைச்சல் வரும் திக்கை நேராகப் பார்க்கும்போது சத்தம் குறையும். பெட்டியைச் சுற்றித் திருப்பிப் பார்த்தால் எந்தச் சுவர், எந்த சாக்கெட் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் சிக்குவது பெயர் தெரியாத கம்பெனியின் சார்ஜரோ, கூடத்து எல்இடியோதான். அதை மாற்றிவிட்டு இன்னொரு முறை சுற்றி வாருங்கள். அதன்பின்னும் ஆம்ப்ளிஃபயரில் உம் இருந்தால், பெட்டியைக் கடைக்குத் தூக்குவதற்கு முன் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வரச்சொல்லி எர்த் குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.